மணல் எழுத்தும் மரியா மாண்டிசோரி அம்மையாரும்

ஆகஸ்டு 31 என்றதும் நம் நினைவுக்கு வருவது 1957ஆம் ஆண்டும் மெர்டேக்கா முழக்கமும்தான். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நான் பணியாற்றும் சிறிய பாலர்பள்ளியிலும் அந்த வாரம் முழுக்கக் காகிதமும் பசையும்தான். கொடியின் பதினான்கு கோடுகளைப் பிள்ளைகள் எண்ணி எண்ணி ஒட்டுவார்கள். அவர்களோடு தரையில் உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் மனத்துக்குள் இன்னொரு பிறந்தநாளையும் கொண்டாடிக்கொள்வேன். 1870ஆம் ஆண்டு, அதே ஆகஸ்டு 31ஆம் நாள், இத்தாலியின் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

பேரவையில் இருந்த காலத்தில் இந்த ஆண்டிதழுக்கு நான் கவிதைதான் கொடுப்பேன். இம்முறை ஒரு வாழ்க்கை வரலாற்றைக் கொடுக்க விரும்புகிறேன். அதை என் தவறு ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பட்டப்படிப்பின் இறுதி ஆண்டு விடுமுறையில் கிள்ளானில் ஒரு பாலர்பள்ளியில் துணை ஆசிரியையாகச் சேர்ந்தேன். காலை எட்டு மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரு பக்கம் முழுக்க 'அ' எழுத வேண்டும் என்பது அங்கே விதி. ஐந்து வயதுப் பையன் ஒருவன் இரண்டு எழுத்துகளோடு நிறுத்திவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் அவனை வெளியே இழுத்து, என் கைக்குள் அவன் கையையும் பென்சிலையும் சேர்த்துப் பிடித்து, பக்கத்தை முடிக்க வைத்தேன். கடமையைச் செய்துவிட்டதாகவே அன்று எண்ணினேன். அதன்பின் ஒரு மாதம், என்னைக் கண்டாலே அந்தப் பையன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான்.

கைகளை ஒளித்துக்கொள்ளும் குழந்தை! அந்தக் காட்சியின் உறுத்தல்தான் என்னை நூலகத்தில் மாண்டிசோரி அம்மையாரின் நூல்கள் இருந்த அடுக்குவரை நடத்திச் சென்றது.

மருத்துவரான மங்கை

அம்மையாரின் தந்தை அலெசான்ட்ரோ அரசுப் பணியாளர். தாயார் ரெனில்டே படிப்பில் நாட்டம் மிக்கவர். பெண் பிள்ளை ஆசிரியை ஆனால் போதும் என்று தந்தை நினைத்தார். மகளோ முதலில் பொறியியலை விரும்பிப் பின்னர் மருத்துவத்துக்குத் தாவினார். ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிப்பது முறையன்று எனக் கருதப்பட்ட காலம் அது. அதனால் மற்றவர்கள் போனபின் மாலை வேளையில் தனியாகவே அந்தப் பயிற்சியை அவர் செய்ய வேண்டியிருந்தது. 1896இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற்பெண் மருத்துவர்கள் வரிசையில் இடம்பிடித்தார்.

பட்டம் பெற்றபின் மனநல மருத்துவத்தில் ஈடுபட்டார். அக்காலத்தில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளை மனநோயாளிகளோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். தொட, உருட்ட, அடுக்க ஒரு பொருள்கூட இல்லாத வெற்று அறைகளைக் கண்ட அம்மையார், இவர்களுக்கு வேண்டியது மருந்தைவிடக் கைக்கு வேலை என்ற முடிவுக்கு வந்தார். பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார், செகான் இருவரும் இத்துறையில் ஏற்கெனவே எழுதியிருந்தவற்றைத் தேடிப் படித்தார். 1900இல் ரோமில் தொடங்கப்பட்ட சிறப்புப் பயிற்சிப் பள்ளியின் இணை இயக்குநராகவும் இருந்தார். அவரிடம் பயின்ற அந்தப் பிள்ளைகளில் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுத்தேர்வில் தேறினர். ஊரே வியந்தது. அவருக்கோ வேறொரு கவலை. குறையுள்ள பிள்ளைகளே இவ்வளவு எட்டும்போது, நல்ல உடலும் மூளையும் உள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் எதைச் செய்து இவ்வளவு தாழ்வாக வைத்திருக்கின்றன?

இரயில் பாதையோரத்துக் குழந்தைகள் இல்லம்

விடை தேடும் வாய்ப்பு ரோமின் சான் லொரென்சோ பகுதியில் கிடைத்தது. இரயில் பாதையை ஒட்டிய ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு அது. இரயில்வே ஊழியர் குடியிருப்புகளோடு வளர்ந்த நம் பிரிக்பீல்ட்ஸை அறிந்தவர்களுக்கு அந்த இடத்தை மனக்கண்ணில் காண்பது எளிது. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் படிக்கட்டுகளையும் சுவர்களையும் பாழாக்கினார்கள். கட்டட உரிமையாளர்கள் சுவரைக் காப்பாற்ற நினைத்தார்கள். அதற்காகவே பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அங்கே முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. ஐம்பது பிள்ளைகளுக்கு மேல். பள்ளி வயதை எட்டாதவர்கள். பொறுப்பில் இருந்தவர் ஆசிரியர் பயிற்சி பெறாத ஓர் இளம்பெண்.

அம்மையார் அங்கே கண்டவை பல. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதை நாற்பது தடவைக்கும் மேலாகத் திரும்பத் திரும்பச் செய்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார்கள். அவள் உட்கார்ந்த நாற்காலியைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். அவள் கவனம் கலையவே இல்லை. இன்னொரு நாள் பொருள்கள் இருந்த அலமாரி பூட்டாமல் விடப்பட்டது. ஆசிரியை தாமதமாக வந்து பார்க்கும்போது பிள்ளைகள் தாங்களே விரும்பியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து உயரமான அலமாரி போய், பிள்ளையின் கைக்கு எட்டும் தாழ்ந்த அடுக்குகள் வந்தன.

மூக்குச் சிந்தும் முறையைக்கூட ஒருநாள் பாடமாக நடத்தினார். கைக்குட்டையை எப்படி எடுப்பது, சத்தமில்லாமல் எப்படித் துடைப்பது என்று செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்று நினைத்தவருக்குக் கைத்தட்டல்தான் கிடைத்தது. அதுவரை ஒழுகும் மூக்குக்காகத் திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு, அதை எப்படிச் செய்வது என்று யாரும் மரியாதையோடு கற்றுத் தந்ததில்லை.

எழுத்து விசயத்தில் நடந்ததுதான் என்னை உலுக்கியது. உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, பிள்ளைகளை விரலால் வருடச் செய்தார். வருடும்போதே அதன் ஒலியைச் சொல்லித் தந்தார். எழுது என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சில மாதங்களில், ஒரு குளிர்கால நாளில், மொட்டை மாடியில் ஒரு சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்து முடித்தான். பிறகு 'கை' என்னும் சொல்லைத் தரையில் எழுதினான். எழுத முடிகிறது என்று கண்டுகொண்ட மகிழ்ச்சியில் இன்னும் சில சொற்களையும் எழுதித் தள்ளினான். அதைக் கண்ட மற்றப் பிள்ளைகளும் சுண்ணக்கட்டி கேட்டு ஓடி வந்தார்கள். விரல் முன்பே ஆயத்தமாகிவிட்டது. எழுத்து பின்னால் தானே வந்தது. நானோ கிள்ளானில் இதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

அடையாற்றில் அம்மையார்

1909இல் அவருடைய முதன்மை நூல் வெளிவந்தது. விரைவிலேயே பல மொழிகளுக்குச் சென்றது. 1913இல் அமெரிக்கா அவரை வரவேற்றது. ஆனால், புகழோடு சோதனையும் வந்தது. 1924 முதல் முசோலினியின் அரசு அவருடைய பள்ளிகளை ஆதரித்தது. அவரும் அதை ஏற்றுக்கொண்டார். பள்ளிகளைப் படைமுகாம்களாக்க அந்த ஆட்சி முனைந்தபோது இணக்கம் முறிந்தது. 1934க்குப் பின் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் இட்லரின் ஆட்சியும் அதையே செய்தது. ஸ்பெயினில் வாழ்ந்தவரை 1936இன் உள்நாட்டுப் போர் துரத்தியது. நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

அதன்பின் அவர் வந்தது நம் தமிழ் மண்ணுக்கு. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவருடைய துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் மகன் மரியோவோடு சென்னை வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 69. அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

சில மாதங்களுக்கென்று வந்தவர் ஏழாண்டு தங்க நேர்ந்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் இத்தாலியர்கள் எதிரிகளாயினர். மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாறு வளாகத்தைவிட்டு விருப்பம்போல் வெளியேற முடியாதபடி கட்டுப்படுத்தப்பட்டார்.

இங்கே ஒரு வேதனையைச் சொல்லியாக வேண்டும். மரியோ 1898இல் பிறந்தவர். அம்மையாரோடு பணியாற்றிய மருத்துவர் மொந்தெசானோ அவருடைய தந்தை. இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. திருமணமாகாத தாய் என்று தெரிந்தால் தொழிலும் பெயரும் அழிந்துவிடும் காலம் அது. குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தது. பதினைந்து வயதளவில்தான் தாயோடு வந்து சேர்ந்தார். அதன்பிறகும் நெடுங்காலம் உறவினர் என்றும் வளர்ப்பு மகன் என்றுமே அறிமுகமானார். உலகத்துப் பிள்ளைகளுக்காக வாழ்ந்தவர் தம் பிள்ளையின் மழலைப் பருவத்தை அருகிருந்து காணவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அவர்மீது மதிப்புக் குறையவில்லை. தவறியவர்களும் இழந்தவர்களும் ஆசிரியராகலாம் என்ற துணிவுதான் வந்தது.

1940 ஆகஸ்டு 31. அவருடைய எழுபதாவது பிறந்தநாள். என்ன பரிசு தரலாம் என்று எண்ணிய இந்திய அரசப் பிரதிநிதி, மகனையே விடுவித்துத் தாயிடம் அனுப்புவதாகத் தந்தி கொடுத்தார். மரியோ அவருடைய மகன் என்று வெளிப்படையாகக் குறித்த அந்தத் தந்தியைவிடப் பெரிய பரிசு அவருக்கு வேறு இருந்திருக்க முடியாது.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். இலை, பூச்சி, பாறை, விண்மீன் எல்லாம் ஒரே பெரிய கதையின் பகுதிகள் எனப் பிள்ளைகளுக்குக் காட்டும் பாடத்திட்டத்தைத் தாயும் மகனும் அங்கே உருவாக்கினார்கள். அதே 1942, 43ஆம் ஆண்டுகளில்தான் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். கிள்ளான் பக்கத் தோட்டம் ஒன்றில் என் பாட்டி அப்போது நான்கு வயதுப் பிள்ளை. அவரைப் பெற்றவர் சயாமிலிருந்து திரும்பவில்லை. தாயார் பால்மரம் வெட்டப் போனபின் பாட்டி வளர்ந்தது ஆயாக் கொட்டகையில்தான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. ஏழு வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தொட்டில் துணியும் ஆயாவின் அதட்டலும்தான் பாடத்திட்டம்.

அம்மையார் 1946இல் ஐரோப்பா திரும்பினார். 1947இல் மீண்டும் இந்தியா வந்து 1949வரை பணியாற்றினார். இந்திய மண்ணில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தின் கடலோர ஊரான நூர்த்வைக்கில் கண்மூடினார்.

நம் எழுத்துக்கு ஒரு திட்டம்

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தாலே கட்டணத்தை நினைத்து நம்மவர் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று பிறந்த முறை வசதி படைத்தோரின் அடையாளமாகிவிட்டது! உண்மையில் அந்த முறையின் உயிர்நாடி விலை உயர்ந்த மரப்பொருள்களில் இல்லை. பிள்ளையைக் கூர்ந்து பார்ப்பதிலும், அதற்கேற்ப அறையை ஒழுங்கு செய்வதிலும், பிழையைப் பொருளே சுட்டிக்காட்டும்படி விடுவதிலும் இருக்கிறது. கடைசி உருளை குழிக்குள் நுழையாவிட்டால் எங்கோ தவறிவிட்டோம் என்று பிள்ளைக்கே தெரியும். ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர்பள்ளியை நம் தேசியக் கல்வி முறையின் அங்கமாக்கியது. 2003இல் தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம் வந்தது. 2010இல் தர அடிப்படையிலான கலைத்திட்டம் வந்து, 2017இல் சீரமைக்கப்பட்டது. விளையாட்டின்வழிக் கற்றலை அவையும் வலியுறுத்தின. ஆக, தடை ஏட்டில் இல்லை. நம் பழக்கத்தில் இருக்கிறது.

எங்கள் பாலர்பள்ளிக்கு ஓராண்டுத் திட்டம் வரையும் பொறுப்பு என்னிடம் வந்தபோது முதலில் எழுத்துகளை எண்ணினேன். தமிழுக்கு 247 எழுத்து என்று சொல்லியே பிள்ளைகளை நாம் மிரட்டிவிடுகிறோம். வடிவங்களை மட்டும் பாருங்கள். உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18. ஆக 31 உப்புத்தாள் அட்டைகள். அவற்றோடு புள்ளி, கால், இகரச் சுழி, ஈகாரச் சுழி, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று 7 குறிகள். ஒகர, ஓகார, ஔகார வரிசைகள் இவற்றையும் ளகர வடிவையும் சேர்த்தாலே வந்துவிடும். உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளுக்குத்தான் தனிக் கவனம் வேண்டும். அவற்றை ஒத்த வடிவங்களாகக் கூட்டிக்கொண்டேன். ட, ப, ம என்று எளிய கோடுகளில் தொடங்கினேன். முதல் நாள் இது ட, இது ப என்று பெயர் சொல்வது. பிறகு ட எது என்று கேட்டு எடுக்கச் சொல்வது. அது கைவந்தபின்தான் இது என்ன என்று கேட்பது. தவறினால் திருத்தாமல் அட்டையை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு நாள் தொடங்குவது. செகானிடமிருந்து அம்மையார் கற்ற மூன்று படிகள் இவை.

இது நமக்கு அந்நியமா? விசயதசமியில் அரிசியில் விரல் பிடித்து எழுதவைப்பவர்கள் நாம். திண்ணைப் பள்ளியில் மணல்தான் முதல் ஏடு. 1790களில் சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தி, 1797இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். நாம் கைவிட்ட மணல் ரோமாபுரி வழியாக உப்புத்தாளாகத் திரும்பி வந்தது போல எனக்குத் தோன்றும். எண்ணுக்குப் பல்லாங்குழியும் மலாய்த் தோழர்களின் சொங்காக்கும் இருக்கின்றன. கைக்குப் பருப்பை அள்ளி ஊற்றுவது, துண்டு மடிப்பது, மேசை துடைப்பது என்று வீட்டு வேலைகள் இருக்கின்றன.

திட்டத்தின் முதல் வரியாக, முதல் ஆறு வாரங்களுக்குப் பென்சில் இல்லை என்று எழுதினேன். பெற்றோர் கூட்டத்தில் அதுதான் புயலைக் கிளப்பியது. லோரி ஓட்டும் ஓர் அப்பா எழுந்து, முதலாம் ஆண்டில் என் மகள் மற்றவர்களுக்குப் பின்னால் நின்றால் நீங்களா டீச்சர் பதில் சொல்வீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. படிப்பைத் தவிர வேறு சொத்து இல்லாதவரின் கேள்வி. பொறுப்பு என்னுடையது என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. இரண்டாம் மாதத்தில் பதினெட்டுப் பிள்ளைகளில் மூவர் நின்றுவிட்டார்கள். இன்னும் இருவர் போனால் வாடகை கட்ட முடியாது என்று செயற்குழு கணக்குக் காட்டியது. பயிற்சி ஏடுகளை வாங்கிவிடலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த அந்த இரண்டு கைகள்தான் என்னைத் தடுத்தன.

லோரி ஓட்டும் அப்பா மகளை நிறுத்தவில்லை. ஒரு சனிக்கிழமை கழிவு மரத்துண்டுகளோடு வந்து, பத்துக் கனசதுரங்களை அறுத்துத் தேய்த்துக் கொடுத்தார். மாண்டிசோரி கோபுரத்தில் முதல் கட்டையின் பக்கம் 1 சென்டிமீட்டர், பத்தாவதன் பக்கம் 10 சென்டிமீட்டர். சின்னக் கட்டைகள் ஆயிரம் சேர்ந்தால்தான் பெரிய கட்டை. அவர் செய்ததில் நான்காவதும் ஐந்தாவதும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. அவர் மகளே கோபுரம் கட்டும்போது அதைக் கண்டுபிடித்து, இரண்டையும் அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் ஒரு கணம் கட்டைகளையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். மறுவாரம் சரியான அளவில் வேறொன்று வந்தது. அதன்பின் கூட்டங்களில் அவர் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. ஆனால் முதல் ஆளாக வந்து நாற்காலி போடுபவரும் அவர்தான்.

எல்லாப் பிள்ளைகளும் அவ்வாண்டு படித்துவிட்டார்கள் என்று பெருமை பேச மாட்டேன். பத்துப் பேர் சிறு சொற்களைச் சரளமாகப் படித்தார்கள். மூவர் தட்டுத் தடுமாறினார்கள். இருவர் இன்னும் எழுத்திலேயே இருந்தார்கள். ஆனால் பென்சில் எடுத்துத் தரச் சொன்னால் கையை ஒளித்துக்கொண்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை.

அன்புத் தம்பி தங்கையரே! தமிழ்ப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை பற்றிப் பேரவையில் ஆண்டுதோறும் விவாதிக்கிறோம். ஆறு வயதுக்குள் பிள்ளையின் விரல் எந்த மொழியின் வடிவத்தை அன்போடு தொடுகிறதோ, அந்த மொழிக்குத்தான் அது பின்னாளில் உரிமையோடு திரும்பி வரும் என்பது என் பட்டறிவு. எங்களுக்கு இன்னும் உகர, ஊகார வரிசை அட்டைகள் முப்பத்தாறும் தேவை. உப்புத்தாள் இரும்புக்கடையில் மலிவாகவே கிடைக்கிறது. வெட்டி ஒட்டத்தான் கைகள் போதவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கத்தரிக்கோலோடு வாருங்கள்.